டாக்டர் பார்த்த கடைசி டிஸ்க்

தெருவில் ஒரே ஒரு வைரஸ் மிச்சமிருந்தாலும் ஓயமாட்டேன் என்று அவர் தீர்மானித்தது, செய்வதற்கு வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தீர்மானித்த கையோடு ஒரு பலகையை எழுதி வாசல் கதவில் மாட்டினார். 'பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு முதலியவற்றில் உள்ள சகலவிதக் கிருமிகளும் இங்கே நீக்கப்படும். இலவசம்.' இலவசம் என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பு மை.

மனிதர் வேலையை விட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முன்கூட்டியே ஓய்வு பெற விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னபோது இவர் தூக்கினார். ஜன்னலைத் திறப்பதற்காகத் தூக்கிய கை அது என்றும் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் ஞானம் அவருக்கு வந்த கதை தனி. வேலையின் கடைசி வருஷத்தில் மேலதிகாரியின் பென் டிரைவில் இருந்த ஒரு வைரஸை இவர் நீக்கினார். எந்தப் பொத்தானை அழுத்தியதால் அது நீங்கியது என்று அவருக்கே தெரியாது. வைரஸோடு சேர்ந்து மேலதிகாரியின் கோப்புகளும் நீங்கிவிட்டன என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து தன் கையில் ஏதோ ராசி இருப்பதாக நம்ப ஆரம்பித்தார்.

பலகையைப் பார்த்து முதலில் வந்தவர் மாடி வீட்டு டிரில் மாஸ்டர். மைதானத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே ஒரே குரலில் திருப்பிப் பழகிய தொண்டை. அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது. "டாக்டர் இருக்காரா?" என்று அவர் வாசலில் விளையாட்டாகக் கேட்டது கட்டடம் முழுக்கக் கேட்டது. அன்று மாலைக்குள் எல்லோருக்கும் அவர் டாக்டர் ஆகிவிட்டார். நாமும் அப்படியே கூப்பிடுவோம், பாவம், சந்தோஷப்படுவார்.

இந்தப் பட்டம் அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் டாக்டரின் மனைவி. அசல் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் தொற்றுநோய் வார்டின் தலைமை நர்ஸ். அதிலும் ராத்திரி டியூட்டி. ஊர் எழுந்திருக்கிற நேரத்துக்கு வந்து படுக்க வேண்டியவர்.

"என்னங்க, ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க 'டாக்டர் எங்க, டாக்டர் எங்க'ன்னு கேக்கறாங்க. வீட்டுக்கு வந்தா இங்கயும் அதே கேள்வி. அங்க கேக்கறவங்களுக்காவது உடம்பு சரியில்ல."

"மக்கள் சேவைம்மா."

"நானும் மக்கள்தாங்க."

படுப்பதுதான் நர்ஸம்மாவுக்குப் பெரிய பாடு. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு இரும்புக் கதவு செய்யும் பட்டறை. பகலில் அங்கே தூங்க வேண்டுமானால் பிறவிச் செவிடாக இருக்க வேண்டும். ஆகவே ஹால் சோபாவில் படுப்பார். அந்த ஹாலைத் தாண்டித்தான் டாக்டரின் நோயாளிகள் பின்பக்கத்துச் சின்ன அறைக்குப் போக வேண்டும். போகிறவர்கள் சும்மாவும் போகமாட்டார்கள். "தூங்கறீங்களா சிஸ்டர்? தூங்குங்க, தூங்குங்க" என்று எழுப்பிச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

வீட்டில் சத்தமில்லாத இடம் அந்தச் சின்ன அறை ஒன்றுதான். சின்னதாக ஒரு ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் ராஜாவாக உட்கார்ந்திருந்தது டாக்டரின் கம்ப்யூட்டர்.

"அந்த அறையை எனக்குக் குடுங்களேன்."

"எதுக்கு?"

"தூங்க."

"தூங்கறதுக்கு எதுக்கும்மா தனி அறை? கண்ணை மூடினா போதாதா?"

"கண்ணுக்கு இமை இருக்கு. காதுக்கு இல்லையே."

"பஞ்சு வச்சுக்கோயேன்."

"மாடி மாஸ்டர் குரலுக்குப் பஞ்சு பத்தாது. மெத்தையைத்தான் சொருகணும். கம்ப்யூட்டரைத் தூக்கி ஹால்ல வைங்க. எனக்கு வேண்டியது ஒரு கதவு. சாத்தினா சாத்தின மாதிரி இருக்கணும்."

"ஹால்லயா! ஆபரேஷன் தியேட்டரை யாராவது ஹால்ல வைப்பாங்களா?"

நர்ஸம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று டாக்டர் எடுத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்துவரும் தப்பு இது.

அந்தக் கம்ப்யூட்டரில் டாக்டருடைய சொத்துகள் மட்டும் இல்லை. நர்ஸம்மாவின் சொத்தும் ஒன்று இருந்தது. புதிதாகச் சேரும் நர்ஸுகளுக்குக் கை கழுவுவது எப்படி என்று ஒரு பாடம் தயாரிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அவரிடம் கொடுத்திருந்தார்கள். தினமும் டியூட்டிக்குக் கிளம்புமுன் வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். படங்களுக்குத் தன் கைகளையே நனைத்துக் காட்டினார். படம் பிடித்தது டாக்டர்தான்.

"கை கழுவறதுக்கு ஒரு பாடமா? குழாயைத் திறந்தா முடிஞ்சுது!"

"அப்படி நினைக்கிறவங்க இருக்கறவரைக்கும் எனக்கு வேலை இருக்கு. நகம் தெரியற மாதிரி எடுங்க. சோப்பை எடுக்காதீங்க, கையை எடுங்க."

பாடம் ஒருவழியாக முடிந்தது. வகுப்புக்கும் நாள் குறித்துவிட்டார்கள். "வேற எதுலயாவது ஒரு காப்பி எடுத்து வச்சீங்களா?" என்று நர்ஸம்மா அவ்வப்போது கேட்பார். "ஆச்சு, ஆச்சு" என்பார் டாக்டர். டாக்டரின் அகராதியில் ஆச்சு என்றால் எப்போதாவது ஆகும் என்று பொருள்.

வகுப்புக்கு முந்தைய நாள் காலை. நர்ஸம்மா டியூட்டி முடிந்து வந்து சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. தெருமுனை ஸ்டூடியோவின் போட்டோக்காரர் வந்து நின்றார். கையில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் பேண்டு. எத்தனையோ பேரை நேராக நிற்க வைத்தவர், அன்று அவரே யாரோ நிற்கச் சொன்னதுபோல விறைப்பாக நின்றார்.

"டாக்டர் சார், இது கொஞ்சம் பொல்லாதது."

"எவ்வளவு பொல்லாதது?"

"என் கடை கம்ப்யூட்டரைப் படுக்க வச்சிடுச்சு சார். உள்ள இருக்கற எல்லாத்தையும் பூட்டிடுச்சு. ரிப்பேர் கடையில காட்டினேன். தூக்கிக் குப்பையில போடுன்னுட்டாங்க."

டாக்டரின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல இருந்தது. "அப்ப இது மத்தவங்க கைவிட்ட கேஸா?"

போட்டோக்காரர் ஒரு தடவை சமையலறைப் பக்கம் பார்த்தார். "ஆமா சார். மத்தவங்க கைவிட்ட கேஸ்." கொஞ்சம் யோசித்தார். உதடு அசைந்தது. பிறகு, "உங்களால மட்டும்தான் முடியும்" என்றார், 'கொஞ்சம் சிரிங்க' என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே குரலில்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார் நர்ஸம்மா. "வேணாங்க. அதை நம்ம மெஷின்ல சொருகாதீங்க."

வேண்டாம் என்று நர்ஸம்மா சொன்னால் டாக்டருக்கு அது வேண்டும். இதுவும் கல்யாணமான நாளிலிருந்துதான்.

"ஸ்கேன்தானேம்மா பண்ணப்போறேன். உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறது வேற, திறக்கறது வேற."

"பார்க்கறதுக்கு முன்னாடி சொருகணுமே."

"நோயாளியைத் தொட்டா டாக்டருக்கு நோய் வந்துடுமா?"

"வரும். எங்க வார்டுல டாக்டருங்களே படுத்திருக்காங்க. நான்தான் மருந்து குடுத்தேன். நாக்கை நீட்டுங்கன்னு சொன்னா குழந்தை மாதிரி அழுவாங்க."

"அதெல்லாம் மனுஷ டாக்டர். நான் ஆன்டிவைரஸ் போட்டிருக்கேன்."

"எப்பப் போட்டீங்க?"

"கம்ப்யூட்டர் வாங்கினப்பவே."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதுக்கு? தாலி மாதிரிம்மா. ஒரு தடவை போட்டா போட்டதுதான்."

நர்ஸம்மா நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி. அப்ப இவர் முன்னாடி ஒரு வார்த்தை குடுங்க. என் பாடத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த அறை எனக்கு."

"ஆகாது."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா கம்ப்யூட்டரையும் தூக்கிக்கிட்டு நானே வெளிய வந்துடறேன். போதுமா?"

"நான் சாட்சி" என்றார் போட்டோக்காரர். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். சொல்லிவிட்டுப் படிக்கட்டில் வேகவேகமாக இறங்கிப் போனார்.

நர்ஸம்மா சோபாவில் படுத்துக் கண்ணின்மேல் துணியைப் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிஷமே குறட்டை வந்தது. அவருக்குக் குறட்டை விடும் பழக்கம் கிடையாது. டாக்டருக்கு அதை யோசிக்க நேரமில்லை. கைவிடப்பட்ட நோயாளி காத்திருந்ததே.

சின்ன அறைக்குப் போய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இன்டர்நெட் வரவில்லை என்று திரையின் மூலையில் ஒரு குறி தெரிந்தது. முந்தைய நாள் நர்ஸம்மா மேஜையைத் துடைத்தபோது ஏதோ ஒயர் கழன்றிருக்கும். போகட்டும், நாடி பார்க்க இன்டர்நெட் எதற்கு என்று விட்டுவிட்டார். ஆன்டிவைரஸைத் திறந்தார். அது எடுத்தவுடனே, என்னைப் புதுப்பித்து வெகுகாலம் ஆகிவிட்டது, இப்போதாவது புதுப்பிக்கிறீர்களா என்று கெஞ்சியது. வழக்கம்போல 'பிறகு' என்பதை அழுத்தினார். ரப்பர் பேண்டுகளைக் கழற்றி டிஸ்க்கைச் சொருகினார்.

பச்சைக் கோடு ஒன்று நிதானமாக நகர்ந்து போய் நின்றது. 'ஆபத்து எதுவும் இல்லை' என்று வந்தது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தெருவில் எல்லோரும் நடுங்கிய டிஸ்க்! இத்தனைக்கும் அவர் ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாமலே குணப்படுத்துகிறவர் எப்பேர்ப்பட்ட டாக்டர்! எழுந்துபோய் நர்ஸம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தார். குறட்டை பலமாக இருந்தது. சரி, முழுசாகப் பார்த்துவிட்டே சொல்வோம் என்று டிஸ்க்குக்குள் நுழைந்தார். போட்டோ மாதிரி ஒரு சின்னம் இருந்தது. நோயாளி நாக்கை நீட்டினால் டாக்டர் பார்க்கத்தானே வேண்டும்? ஒரு தட்டுத் தட்டினார்.

அது போட்டோ இல்லை.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது. மூலையில் காவலுக்கு இருந்த ஆன்டிவைரஸின் சின்னம் முதலில் காணாமல் போனது. காவல்காரனே சுவரேறிக் குதித்து ஓடிவிட்டான். பிறகு ஒவ்வொரு கோப்பாகப் பெயர் மாறியது. எந்த மொழியிலும் சேராத எழுத்துகள் வால்வாலாக முளைத்தன. கல்யாணப் போட்டோக்கள் போயின. அவர் பாடிப் பதிந்து வைத்திருந்த பாட்டுகள் போயின. அடுத்து நர்ஸம்மாவின் பாடம். நனைந்த கை, சோப்பு போட்ட கை, நகம் தெரியும் கை, எல்லாம் வெள்ளைத் தாளாக மாறின. டாக்டர் டிஸ்க்கைப் பிடுங்கினார். நிற்கவில்லை. கம்ப்யூட்டரின் ஒயரையே பிடுங்கினார். நின்றது. மறுபடி போட்டார். கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தில் வரவேற்பு வந்தது. 'உங்கள் கோப்புகள் யாவும் பூட்டப்பட்டன. சாவி எங்களிடம் உள்ளது.'

நாளைக்கு வகுப்பு. அதற்குள் பாடத்தை மீட்டாக வேண்டும். மீட்கும்வரை வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது.

கம்ப்யூட்டர்ப் பெட்டியைப் போர்வையால் போர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு, குறட்டையைத் தாண்டி, பூனைபோல வெளியே வந்தார். படிக்கட்டில் எதிரே வந்தவர், வேறு யார், டிரில் மாஸ்டர்தான். கையில் ஒரு பென் டிரைவ்.

"டாக்டர்! யாருக்கு என்ன ஆச்சு? குழந்தையா?"

"மெதுவா பேசுங்க சார்."

"நான் மெதுவாத்தான் பேசறேன்!" என்றார் மாஸ்டர். எல்லா மாடிகளிலும் கதவு திறந்தது.

"ஒண்ணுமில்ல, சும்மா காத்தாட..."

"கம்ப்யூட்டரையா காத்தாடக் கூட்டிட்டுப் போறீங்க?"

டாக்டர் மீதிப் படிகளை ஓடிக் கடந்தார். கீழே பட்டறைக்காரர்கூட சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ரிப்பேர் கடையை நடத்துவது ஒரு பெண். கொண்டையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் சொருகியிருக்கும். இதுநாள்வரை டாக்டர் அந்தக் கடை வாசலைக் கடக்கும்போது, சக டாக்டரைப் பார்ப்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். இன்று போர்வையோடு உள்ளே நுழைந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தானா இப்படி ஆயிடுச்சு."

அவள் பெட்டிக்கு உயிர் கொடுத்துச் சிவப்பு எழுத்தைப் படித்தாள். "எதைச் சொருகினீங்க?"

"சொருகல. ஸ்கேன்தான் பண்ணேன்."

"சொருகாம எப்படி சார் ஸ்கேன் பண்ணீங்க? ஊதியா?"

டாக்டர் போர்வையை மடிக்க ஆரம்பித்தார்.

"ஆன்டிவைரஸ் என்ன சொல்லுச்சு?"

"ஆபத்து இல்லைன்னுதாம்மா சொல்லுச்சு!"

"அதுக்குத் தெரிஞ்ச முகத்தைத்தான் சார் அது பிடிக்கும். புதுசா வந்த திருடன் போட்டோவை நீங்க காட்டவே இல்லையே. வணக்கம் சொல்லி உள்ள விட்டிருக்கும். போதாததுக்கு நீங்க வேற கதவைத் தட்டியிருக்கீங்க." அவள் மூலையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காட்டினாள். "அதோ பாருங்க. இந்த மாதிரி டிஸ்க் வந்தா அதுல மட்டும்தான் போடுவோம். அதுக்குள்ள ஒண்ணுமே கிடையாது. எதோடயும் ஒயர் கிடையாது. செத்துப்போனா மொத்தமா துடைச்சிட்டு மறுபடி எழுப்பி உக்கார வைப்போம். வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் இருக்கற சொந்த மெஷின்ல யாராவது கொண்டுபோய்ச் சொருகுவாங்களா?"

"என் மனைவியோட பாடம் உள்ள இருக்கும்மா. நாளைக்கு வேணும்."

"என்ன பாடம்?"

"கை கழுவற பாடம்."

"அதைக் கை கழுவிட வேண்டியதுதான் சார்." சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இந்தப் பூட்டை நம்மால திறக்க முடியாது. வேற எதுலயாவது காப்பி இருக்கா?"

"இருக்குன்னு சொல்லியிருக்கேன்."

"இருக்கா?"

"சொல்லியிருக்கேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில நர்ஸா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேன். வீட்டுக்குப் போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க சார். அதுதான் முதல் சிகிச்சை."

டாக்டர் அந்தக் கடையின் முக்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். எழுந்திருக்கத் தோன்றவில்லை. ராத்திரி முழுக்கக் கண் விழிக்கப் போகிறவள், அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாளே என்று நினைத்தார். 'ழ' எங்கே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டே காட்டிப் பெருமைப்பட்டார். கைப்பிடித்துத் தட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் ஆச்சு ஆச்சு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அவருக்கு வெட்கம் அவ்வளவு சுலபத்தில் வராது.

ஆனால் வெட்கத்தைவிட பயம் ஒரு படி மேல். வீடு திரும்பும் வழியில் அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. எப்படியும் பந்தயத்தில் அறை போகப் போகிறது. தோற்றுக் கொடுத்தால் அவமானம். அதையே விஷயம் தெரிவதற்கு முன்னால் தானாகக் கொடுத்தால் தாராள மனசு. தாராள மனசுக்காரன் ஒரு சின்னப் பாடத்தைத் தொலைத்தால் யாராவது திட்டுவார்களா? டாக்டருக்குத் தன் மூளையின்மேல் மறுபடி மதிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சின்ன அறையைக் காலி செய்தார். மேஜையை இழுத்தார். நாற்காலியைத் தூக்கினார். ஒயர்களைச் சுருட்டினார். எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் மேஜை யானை மாதிரி பிளிறியது. குறட்டை நின்றது.

"என்னங்க இது?" நர்ஸம்மா கண்ணில் இருந்த துணியை விலக்கிப் பார்த்தார்.

"எழுந்துட்டியா? நீ எழுந்திரிக்கறதுக்குள்ள முடிச்சுடலாம்னு பார்த்தேன். இனிமே இந்த அறை உனக்கு."

"எனக்கா?"

"ராத்திரி முழுக்க ஊருக்காக முழிக்கிறவ. உனக்குன்னு ஒரு கதவு வேணாமா? நானே யோசிச்சேன். யாரும் சொல்லல. மனசுல தோணுச்சு."

"அடடா! மனசுலயா தோணுச்சு?" நர்ஸம்மாவின் குரல் தழுதழுத்தது. அப்படித்தான் டாக்டருக்குக் கேட்டது. "கம்ப்யூட்டர் எங்க?"

"அதுவா... அதுக்கும் ஓய்வு வேணும்னு ரிப்பேர் கடையில விட்டிருக்கேன். மனசு மாறறதுக்குள்ள உன் சாமானைக் கொண்டா."

நர்ஸம்மா எழுந்தார். பீரோவைத் திறந்து ஒரு கறுப்புத் திரைச்சீலையை எடுத்துக் கொடுத்தார். சின்ன ஜன்னலுக்கு அளவெடுத்ததுபோல இருந்தது.

"இதை எப்ப தச்சே?"

"சும்மா இருந்தப்ப. பார்த்து மாட்டுங்க, ஸ்டூல் ஆடும்."

பிறகு ஒரு புதுத் தாழ்ப்பாள் வந்தது. அதற்கான திருகாணிகள் ஒரு பொட்டலத்தில் வந்தன. ஒரு பூட்டும் சாவியும் வந்தன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் நிலையில் டாக்டர் இல்லை. வேர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் பொருத்தினார். நர்ஸம்மா கதவைச் சாத்திப் பார்த்தார். சாத்தின மாதிரி இருந்தது. சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ரொம்ப சந்தோஷங்க. இப்ப அந்தப் பாடத்தோட காப்பியைக் குடுத்துடுங்க. நாளைக்கு வேணும். ஆச்சுன்னு சொன்னீங்களே."

டாக்டர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். இறங்கினவர் அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். தயாராக வைத்திருந்த தாராள மனசு வசனங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"போச்சும்மா."

"என்னது போச்சு?"

"எல்லாம் போச்சு. நீ வேணாம்னு சொன்னே. நான்தான் கேக்கல. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு, அதை நம்பித் திறந்தேன். காப்பியும் எடுக்கல. ஆச்சு ஆச்சுன்னு பொய்தான் சொன்னேன். நீ ஒத்தை விரலால தட்டினது எல்லாம்..." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நிஜமாகவே அழுதுவிட்டார்.

நர்ஸம்மா அவரைப் பார்த்தார். முகம் ஒருமாதிரி இளகியது. சமையலறைக்குப் போய் அலமாரியில் இருந்த முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரு பென் டிரைவ் பத்திரமாகப் படுத்திருந்தது.

"அழாதீங்க. பாடம் இதுல இருக்கு. நம்ம கல்யாணப் போட்டோவும் இருக்கு. நீங்க பாடின பாட்டும் இருக்கு. அதை மட்டும் விட்டுடலாமான்னு யோசிச்சேன். மனசு கேக்கல."

டாக்டர் பென் டிரைவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போன உயிர் திரும்பிவந்தது. "நீ எப்பம்மா இதெல்லாம் கத்துக்கிட்டே?"

"ரிப்பேர் கடைப் பொண்ணு சொல்லிக்குடுத்துச்சு. நேத்துதான் எடுத்தேன். எங்க வார்டுல தொத்து நோயாளி வர்றான்னு தெரிஞ்சா, நல்லா இருக்கறவங்களை முதல்ல வேற வார்டுக்கு மாத்திடுவோம். வெளிய பரவக்கூடாதுன்னு கதவையும் அடைச்சிடுவோம். இன்டர்நெட் ஒயரைக் கழட்டினதும் அதுக்குத்தான்."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஏதோ ஒன்று இடித்தது. "நேத்தா? டிஸ்க் இன்னைக்குத்தானே வந்துச்சு? நோயாளி வர்றான்னு நேத்தே உனக்கு எப்படித் தெரியும்?"

மணி அடித்தது. போட்டோக்காரர்.

"டாக்டர் சார், அந்த டிஸ்க்கைத் திருப்பித் தரணும்னு அவசியமில்ல. படமெல்லாம் வேற டிஸ்க்குல பத்திரமா இருக்கு. அது குப்பைக்குப் போக வேண்டியது. போடப்போனவனை சிஸ்டர்தான் பிடிச்சு நிறுத்தினாங்க." அவர் டாக்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், நான் சரியா சொன்னேனா? நடுவுல ஒரு வரி மறந்துபோச்சு. சமாளிச்சுட்டேன்."

"நல்லா சொன்னீங்க தம்பி. போய்ட்டு வாங்க" என்றார் நர்ஸம்மா.

கதவு சாத்தப்பட்டது. டாக்டர் மனைவியைப் பார்த்தார். திரைச்சீலையைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். முந்தானை முடிச்சைப் பார்த்தார்.

"நீயா? நீயே வரவழைச்சு..."

"சின்ன அளவுல முன்கூட்டியே குடுத்துட்டா பெருசா வராதுங்க. இல்லைன்னா தெருவுல இருக்கற எல்லாத்தையும் வாங்கி ஒருநாள் நிஜமாவே எல்லாத்தையும் தொலைச்சிருப்பீங்க. அதான் ஒரு தடுப்பூசி போட்டிருக்கேன்." நர்ஸம்மா வழக்கப்படி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஊசி போட்ட அசதி கொஞ்சம் இருக்கும். ஹால்லயே படுத்துக்குங்க. நான் தூக்கத்தை முடிக்கணும்."

சின்ன அறையின் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நன்றாகத்தான் பொருத்தியிருந்தார். டாக்டர் சோபாவில் போய் உட்கார்ந்தார். வெளியே பட்டறையில் சுத்தியல் மறுபடி ஆரம்பித்தது. தலை கனத்தது. மெதுவாகச் சாய்ந்து, மனைவி விட்டுப் போயிருந்த துணியைக் கண்ணின்மேல் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டிரில் மாஸ்டரின் குரல் இடித்தது. "டாக்டர் இருக்காரா?"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து நர்ஸம்மா தூக்கக் கலக்கத்தில் பதில் சொன்னார்.

"டாக்டர் யாரும் இல்லீங்க. ஹால்ல ஒரு நோயாளி படுத்திருக்கார், சத்தம் போடாதீங்க."